வெங்காயத்தாமரை வேறு, ஆகாயத்தாமரை வேறு

கோவை உக்கடம் பெரியகுளமோ சென்னை போரூர் ஏரியோ, நீர் தெரியாமல் மூடிக் கிடக்கும் செடியைப் பற்றிச் செய்தி வந்தால் தலைப்பில் பெரும்பாலும் ‘ஆகாயத்தாமரை’ என்றே இருக்கும். ஏரிக் கணக்கெடுப்புப் படிவங்களிலும் இதே பெயர் ஏறிவிட்டது. அது தவறு. அந்தச் செடி வெங்காயத்தாமரை.

இலைக்காம்பு அடியில் வெங்காயமாக உருண்டிருப்பதால் அந்தப் பெயர். பிய்த்துப் பார்த்தால் உள்ளே முழுக்கக் காற்றறைகள். செடி மிதப்பது அதனால்தான். அமேசான் படுகைச் செடி. ஊதாப் பூவுக்காக ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. தாமிரபரணிக் கரையில் அமலைச்செடி என்பார்கள். அதுவும் நல்ல பெயர்தான்.

ஆகாயத்தாமரை என்பது சித்த மருத்துவத்தில் வேறொரு செடிக்கு நெடுங்காலமாக வழங்கும் பெயர். மண்ணில் வேர் ஊன்றாமல் நிற்பதால் அந்தரத்தாமரை என்றும் சொல்வார்கள். அதற்குக் காம்பே கிடையாது. வெளிர்பச்சை இலைகள் அடுக்கடுக்காக விரிந்திருக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும், பூ கண்ணுக்கே தெரியாது. வெங்காயத்தாமரைக்கு வழவழப்பான இலை. பூவின் மேலிதழில் நீலம் சூழ்ந்த மஞ்சள் பொட்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

‘ஆகாயம்’ வடசொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. ‘மக்கள் வழக்கில் வந்துவிட்டதே, எந்தப் பெயரானால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெங்காயத்தாமரையைத் தின்னும் கூன்வண்டுகளை 1980களில் பெங்களூரு ஏரிகளில் விட்டார்கள். அந்த வண்டு ஆகாயத்தாமரையை அழிக்காது. அதற்கு வேறு வண்டு இருக்கிறது. படிவத்தில் ‘ஆகாயத்தாமரை’ என்று மட்டும் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அதைப் படிப்பவர் எந்தச் செடி பரவியது, எது குறைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? இரண்டு செடிகளும் ஒரே ஏரியில் கலந்து மிதப்பதும் உண்டு. அப்போது கணக்கே குழம்பிவிடும்.

நெருக்கமாக வளர்ந்தால் காம்பு நீண்டு வெங்காயம் மறைந்துவிடுமே என்பார்கள். சரிதான், மறையும். படலத்தின் ஓரத்தில், இடம் தாராளமாக உள்ள செடியை எடுத்துப் பாருங்கள், உருண்டை இருக்கும். ஆகாயத்தாமரையில் எந்த ஓரத்தில் தேடினாலும் இருக்காது.

அப்புறம், இப்படிப் பரவும் செடிகளை ஆங்கிலத்தில் ‘invasive plants’ என்பார்கள். அதை ‘அந்நியச் செடிகள்’ என்று மொழிபெயர்ப்பதையும் விட வேண்டும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். அவை எந்த ஏரியையும் மூடவில்லை. வந்த இடம் வேறு, செய்யும் கேடு வேறு. பரவி மற்றதை வாழவிடாமல் செய்வதைச் சொல்ல ‘ஆக்கிரமிப்புத் தாவரம்’ என்ற சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அதை எழுதட்டும்.