காரை விட்டுக்கொடுக்க எவ்வளவு கேட்பீர்கள்?

கார் தவணை, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், பார்க்கிங் எல்லாவற்றையும் கூட்டினால், பஸ், டாக்சி, வாடகைக் கார் மூன்றையும் சேர்த்துத் தரும் மாதச் சந்தா பலருக்கும் மலிவுதான். அப்படியும் ஏன் யாரும் காரை விற்பதில்லை என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

பின்லாந்தின் ஹெல்சின்கியில் இதை நடத்தியே பார்த்தார்கள். ‘விம்’ செயலியில் மாதம் 499 யூரோ கட்டினால் பொதுப் போக்குவரத்து, குறுந்தூர டாக்சி, வாடகைக் கார் எல்லாம் கிடைத்தன. அதை நடத்திய மாஸ் குளோபல் நிறுவனம் 2024இல் திவாலானது. காரணங்கள் பல. டிக்கெட் விற்பதில் லாபம் சொற்பம். எவ்வளவு சுற்றினாலும் ஒரே கட்டணம் என்றால் அதிகம் சுற்றுபவர்தான் முதலில் வந்து சேருவார். சரி, அது வியாபாரக் கணக்கு. எனக்குப் பிடித்தது மனக்கணக்கு.

கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட காபிக் கோப்பைச் சோதனை ஒன்று இருக்கிறது. சில மாணவர்களுக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பாய் என்றார்கள். நடு மதிப்பு 7.12 டாலர். கோப்பை இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலை 2.87. கைக்காசு போகிறதே என்று குறைத்திருப்பார்கள் என்று தோன்றும். அங்கேதான் மூன்றாவது குழு வருகிறது. இவர்களிடம் கோப்பையும் இல்லை, காசும் கேட்கவில்லை. எவ்வளவு கொடுத்தால் கோப்பைக்குப் பதில் பணத்தை எடுத்துக்கொள்வாய் என்பது மட்டுமே கேள்வி. யோசித்துப் பாருங்கள், விற்பவருக்கும் இவருக்கும் முடிவு ஒன்றுதான்: வீட்டுக்குப் போகும்போது கையில் கோப்பை இருக்கும், அல்லது பணம் இருக்கும். ஆனாலும் இவர்கள் சொன்னது 3.12! கோப்பை சில நிமிடம் ‘என்னுடையது’ ஆனதற்கே விலை இரண்டு மடங்குக்கு மேல்.

கோப்பைக்கே இப்படி என்றால், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த காருக்குக் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, சொந்தக் காரில் ஏறும்போது பெட்ரோல் செலவு மட்டுமே நினைவுக்கு வரும். டாக்சியிலோ முழுச் செலவும் ஒவ்வொரு முறையும் திரையில் தெரியும். சந்தா இந்த இரண்டாவது உறுத்தலைப் போக்கும், முதலாவதைத் தொடாது.

அதனால், கார் வைத்திருப்பவரைவிட இனிமேல் வாங்கப்போகிறவரிடம் சந்தாவை விற்பது எளிது. அவர் மூன்றாவது குழு. சுவீடனின் கோத்தன்பர்க்கில் 2013–14இல் ‘உபிகோ’ சந்தாவைச் சோதித்தவர்கள் இன்னொரு வழி கண்டார்கள். காரை விற்கச் சொல்லவில்லை. சோதனைக் காலத்தில் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் அதற்கு ஈட்டுத்தொகை தந்தார்கள்.