விதானையாரும் 119ம் மட்டும் போதாது: ஊர்ப் பாதுகாப்பில் எங்கள் பங்கும் உரிமையும்

எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர் கனடாவிலும் லண்டனிலும். முன்பெல்லாம் இரவில் நாய் விடாமல் குரைத்தால் நாலு வீட்டில் விளக்கு எரியும், "ஆரது?" என்று ஒரு குரலாவது வரும். இப்போது படலையைத் திறக்கவே ஆட்கள் பயப்படுகிறார்கள். வாள்வெட்டுச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு வந்த பயம் அது. அந்தப் பயத்தோடு தனித்தனியே இருக்காமல் சேர்ந்து என்ன செய்யலாம், சட்டம் எதற்கு இடம் தருகிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. பிரிவு மட்டத்தில் பொலிஸாரும் ஊர் ஆட்களும் சேர்ந்து இயங்கும் குழுவைச் சிவில் பாதுகாப்புக் குழு என்பார்கள், சமுதாயப் பொலிஸ் குழு என்றும் சொல்வதுண்டு. உங்கள் பிரிவில் அது கூடுகிறதா, யார் யார் இருக்கிறார்கள் என்று விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கேளுங்கள். பெண்களும் இளைஞரும் இல்லாத குழுவென்றால் அவர்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. இரவில் எந்தச் சந்தி இருட்டு, எந்த வழியால் பிள்ளைகள் ரியூஷன் முடிந்து வருகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். அந்தக் குழுவுக்குப் பொலிஸ் அதிகாரம் கிடையாது. வீடு புகுந்து தேட முடியாது, யாரையும் கூப்பிட்டு விசாரித்துத் தண்டிக்கவும் முடியாது. பார்ப்பதும் சொல்வதும்தான் அதன் வேலை.

கள்ளன் கையில் அகப்பட்டால்? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பிடியாணை இல்லாமல் பொலிஸார் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்றை உங்கள் கண்முன்னே ஒருவர் செய்தால் நீங்கள் அவரைப் பிடிக்கலாம். பிடித்தவரைத் தாமதமில்லாமல் பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான். மின்கம்பத்தில் கட்டி வைத்து அடிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அடித்தால் களவு கொடுத்தவரே சந்தேகநபராகிவிடுவார். 2011இல் உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வந்து தாக்குகிறார்கள் என்ற கிறீஸ் பூதப் பயம் பரவியபோது வதந்தியை நம்பி வழிப்போக்கரைத் துரத்திய ஊர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் மோட்டார் சைக்கிள் இலக்கத்தைக் குறியுங்கள், பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு எடுங்கள், பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது முறைப்பாடு. எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு பொலிஸ் நிலையத்தில் சைக்கிள் களவுக்கு முறைப்பாடு கொடுக்கப் போன எனக்கு, சிங்களத்தில் எழுதிய பக்கத்தை நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அதே சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, நீங்கள் சொன்ன மொழியிலேயே எழுதி உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த அலுவலருக்குத் தமிழ் எழுத வராவிட்டால், நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கும்படி கேட்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது மிகவும் உதவும். வெளியே வருமுன் முறைப்பாடு பதிந்த புத்தகத்தின் பக்க இலக்கம், பந்தி இலக்கம், திகதி மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காப்புறுதிக்கோ நீதிமன்றத்துக்கோ போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் போகலாம்.

"சாட்சி சொன்னால் என் வீட்டுக்கு வருவாங்கள்" என்ற பயம் பொய்யல்ல. அதற்காகவே 2015இல் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். சாட்சியை மிரட்டுவதே அதில் தனிக் குற்றம், பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பிக்கவும் முடியும். மிரட்டல் வந்த நாள், நேரம், சொன்ன வார்த்தை, வந்த தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் உடனே எழுதி வையுங்கள்.

வேலிச் சண்டை, வாய்த்தர்க்கம் போன்றவற்றுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. கட்டணமோ சட்டத்தரணியோ தேவையில்லை. அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கங்கள்: சிறுவர் விடயமென்றால் 1929, பெண்களுக்கு 1938, காயப்பட்டவரை ஏற்ற அம்புலன்ஸுக்கு 1990.

அப்புறம் தெருவிளக்கு. எரியாத விளக்குள்ள கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறித்து, ஒழுங்கையில் எல்லோரும் கையெழுத்து வைத்துப் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ கடிதம் கொடுங்கள். ஒரு பிரதியில் கிடைத்ததாக முத்திரை வாங்கி வையுங்கள். பூட்டிய வீடுகளின் சொந்தக்காரருடைய வாட்ஸ்அப் இலக்கமும் அந்த ஒழுங்கையில் ஒருவரிடமாவது இருக்கட்டும்.