வேர் அழுகலும் பெராக்சைடும்: எவ்வளவு, எப்போது, ஏன்

தொட்டிச் செடியின் வேர் அழுகலுக்கென்று மெடிக்கல் ஷாப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கியதும் முதலில் லேபிளைப் படியுங்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதக் கரைசல். '20 வால்யூம்' என்றும் போட்டிருக்கும். 1 மி.லி. முழுதாகச் சிதைந்தால் 20 மி.லி. ஆக்சிஜன் வாயு வரும் என்பது அதன் பொருள். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் அளவுகள் பெரும்பாலும் 3 சதவீதக் கரைசலுக்கானவை. அந்தக் கரண்டிக் கணக்கை இங்கே அப்படியே எடுத்தால் செடிக்கு இரட்டிப்பு வீரியம் போய்விடும். வெள்ளையாக இருக்கும் புது வேர் நுனிகள்தான் முதலில் பழுப்பாகும்.

பெராக்சைடு என்பது தண்ணீர் மூலக்கூறோடு ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக ஒட்டியிருப்பது. அந்த ஒட்டு உறுதியானதல்ல. பிரியும்போது எதிர்ப்படும் செல்சவ்வையும் புரதத்தையும் சிதைக்கிறது. அழுகல் உண்டாக்கும் பித்தியம், பைட்டோப்தோரா, பியூசேரியம் ஆகிய நுண்ணுயிரிகளின் வித்துகளும் இழைகளும் இப்படித்தான் சாகின்றன. ஆனால் அது ஆள் பார்த்து அடிப்பதில்லை. செடியின் வேர்த்தூவியும் அதற்கு ஒன்றுதான். தப்பிப்பதற்காக உயிருள்ள செல்கள் பலவும் கேட்டலேஸ் என்ற நொதியை வைத்திருக்கின்றன. பெராக்சைடை நொடியில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பது அந்த நொதிதான்.

மண்ணில் ஊற்றியதும் பொங்கும் நுரைக்கும் இதுவே காரணம். நுரை வந்தால் நோய் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மண்புழு உரம் போட்ட ஆரோக்கியமான தொட்டியும் அதே அளவு நுரைக்கும். சேலத்துச் செம்மண்ணில் உள்ள இரும்பும் பெராக்சைடை வேகமாகச் சிதைக்கும். ஆக, மேலே ஊற்றிய மருந்தில் பெரும்பகுதி வேரைத் தொடுவதற்குள் மண்ணிலேயே தீர்ந்துவிடுகிறது.

'வேருக்கு ஆக்சிஜன் கொடுக்கிறது' என்ற பேச்சைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 0.1 சதவீதக் கரைசல் ஒரு லிட்டரில் பெராக்சைடு 1 கிராம்; அதிலிருந்து சுமார் 470 மில்லிகிராம் ஆக்சிஜன் வரும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து கரைத்து வைத்துக்கொள்வது சுமார் 8 மில்லிகிராம்தான். மீதி பெரும்பாலும் குமிழியாகப் பறந்துவிடும். ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 275 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது, அதுவும் தீரத் தீர வந்துகொண்டே இருக்கும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. தொட்டியில் காற்று புகும் இடைவெளி இருந்தால் பெராக்சைடு எதற்கு? இடைவெளி இல்லையென்றால் அது தரும் ஆக்சிஜன் சில மணி நேரத்துக்குமேல் தாங்காது.

அழுகல் வரும் விதம் சேலத்தில் ஒன்று, ஏற்காட்டில் வேறு. சேலத்துச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டி சூடேறினால் வேர் அதிகமாக மூச்சுவிடும். சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ குறைவு. இலை தொங்குவதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. மலையில் பனிமூட்டமும் ஐப்பசி மழையும் சேர்ந்து, ஒரு தடவை ஊற்றிய தண்ணீர் நாள்கணக்கில் காயாது. நர்சரியிலிருந்து வரும் செடிகளின் வேரைச் சுற்றித் தென்னை நார்க்கழிவு இறுக்கமாக இருந்தால் இரண்டு ஊரிலும் தொல்லைதான்.

வைத்தியம் மண்ணுக்கு மேலே அல்ல, வெளியே எடுத்துத்தான். செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து, பழைய கலவையைக் குழாய்த் தண்ணீரில் முழுதும் கழுவுங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் மேல்தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் கையில் நிற்கும். சாக்கடை நாற்றமும் அடிக்கும். அதையெல்லாம் நல்ல பகுதி வரை நறுக்கிவிட வேண்டும், ஏனென்றால் பெராக்சைடு அழுகிய திசுவுக்குள் ஆழமாக இறங்காது. கத்தரியை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு 6 சதவீதக் கரைசலை அப்படியே பூசிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்கலாம். அழுக்கோடு பூசினால் மருந்து அழுக்கிலேயே செலவாகிவிடும்.

நறுக்கிய பிறகு 6 சதவீதக் கரைசல் 50 மி.லி.யை 950 மி.லி. தண்ணீரில் கலந்தால் 0.3 சதவீதம். அதில் வேரை ஐந்து நிமிடம் முக்கி, சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். பிறகு புதுக் கலவை: நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் பொரி) அல்லது கரித்துண்டு ஒரு பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு. எம்-சாண்ட் சேர்ப்பதானால் தூள் போகக் கழுவியே சேர்க்க வேண்டும். அந்தத் தூள்தான் இடைவெளியை அடைக்கும். இலையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, நிழலில் வையுங்கள். உரம் ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

செடியை எடுக்கவே முடியாத பெரிய தொட்டியென்றால் லிட்டர் தண்ணீருக்கு அதே 6 சதவீதக் கரைசல் 17 மி.லி. (கலந்தால் சுமார் 0.1 சதவீதம்). அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அளக்க ஊசியில்லாத சிரிஞ்சு போதும். இது முதலுதவிதான்; வாராவாரம் ஊற்றும் டானிக் அல்ல.

ஏற்காடு தேசிய ஆர்க்கிட் பண்ணையைப் பார்த்துவிட்டு ஆர்க்கிட் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டின் வேரைப் பஞ்சு போன்ற இறந்த செல் உறை போர்த்தியிருக்கும். அது கரைசலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால் முக்கவே வேண்டாம். தெளித்து உடனே அலசினால் போதும்.

மண்ணிலிருந்து கிளம்பும் சின்னக் கறுப்பு ஈக்களின் புழுவுக்கு 6 சதவீதக் கரைசல் 100 மி.லி.யை 900 மி.லி. தண்ணீரில் கலந்து மேல்மண்ணில் மட்டும் ஊற்றுவது உண்டு. புழு சாகும், முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பிவிடும். மேல் இரண்டு அங்குலம் காயவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை வைப்பதே மேல்.

டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிரிகளை மண்ணில் போடுகிறவர்கள் பெராக்சைடு ஊற்றி ஒரு வாரம் கழித்தே போட வேண்டும், இல்லையேல் காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிரியை நீங்களே கொன்றதாகும். வினிகரோடு கலக்கக் கூடாது. பெராசிட்டிக் அமிலம் உண்டாகித் தோலையும் மூச்சையும் எரிக்கும். துணி வெளுக்கும் பட்டறைகளில் புழங்கும் 35, 50 சதவீதச் சரக்கை 'மலிவு' என்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தோலை வெள்ளையாக்கிக் காயப்படுத்தும். காற்றுப்போக்கில்லாமல் இறுக மூடினால் பாத்திரம் வெடிக்கலாம். நீர்த்த கரைசலைச் சேமிக்காமல் அன்றே தீர்த்துவிடுங்கள்.

தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள். கொழகொழத்திருந்தால் எந்தக் கரைசலும் உதவாது. அழுகலுக்கு மேலே கெட்டியாக இருக்கும் இடத்தில் வெட்டி, மணிபிளான்ட் என்றால் ஒரு கணுவாவது மூழ்கும்படி தண்ணீரில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றி, புது வேர் விட்ட பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள்.