“ஒத்துக்கிறவே மாட்டேங்குறாக டாக்டர்”

இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து மனநலப் பிரிவுக்கு வருகிற குடும்பங்கள் நாற்காலியில் உட்காரும்போதே சொல்வது இது: “ஒத்துக்கிறவே மாட்டேங்குறாக டாக்டர். நீங்க சொன்னாத்தான் கேப்பாக.” குடிப்பழக்கத்துக்கும் இதுதான், சுகருக்கும் இதுதான். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற மகனைப் பற்றியும் இதுதான். தனக்கு நோய் இருப்பதை ஆள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் வைத்தியம் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிகிச்சையைத் தொடங்கி உடம்பும் மனமும் கொஞ்சம் தேறிய பிறகு, “ஆமா, அப்ப எனக்குச் சரியில்லாமத்தான் இருந்திருக்கு” என்று சொல்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

சுகரில் தொடங்குகிறேன். மனநல மருத்துவருக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கால் புண்ணோடு வார்டில் சேர்ந்த ஒருவர் மாத்திரை போட மாட்டேன், ஊசி வேண்டாம், தனக்கு ஒன்றும் இல்லை என்று அடம்பிடித்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். இந்தக் கரையில் படகிலும் மணலிலும் வெறுங்காலோடு நடப்பதுதான் பழக்கம். திருக்கை முள், சிப்பி ஓடு, கடலடிப் பாறையான பாரில் கிழிபடுவது எல்லாம் சாதாரணம். பல வருடம் கட்டுப்படாத சுகர் கால் நரம்பை மரத்துப்போகச் செய்துவிட்டால் முள் ஏறினாலும் வலிக்காது. வலி இல்லாததால் “எனக்கு ஒண்ணுமில்ல” என்ற நினைப்பு இன்னும் உறுதியாகிறது. நோயே அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொல்கிறது.

அதனால், சுகர் இருப்பதை ஒத்துக்கொள்கிறீர்களா என்று நான் கேட்பதில்லை. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் போயிருக்கிறதா என்று கேட்பேன். சிலர் யோசித்துவிட்டு, “ஆமா, பின்னால வந்தவன் எடுத்துக் குடுத்தான்” என்பார்கள். அந்த ஒரு பதில் போதும், பேச்சு அங்கிருந்து நகரும்.

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 மி.கி., மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.5 சதவீதம், இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ நீரிழிவு என்கிறோம். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு சோற்றைக் குறைத்துக்கொண்டு வந்து நல்ல அளவு காட்டுகிறவர்கள் உண்டு. மூன்று மாதச் சராசரி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் காட்டிக் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. எதற்காக அந்த இரண்டு நாள் பட்டினி என்று யாராவது கேட்க வேண்டும். பங்குக் கூலிக்குப் படகேறுகிறவருக்கு, சுகர்க்காரன் என்று பேர் வந்துவிட்டால் அடுத்த முறை ஏற்ற யோசிப்பார்களோ என்ற பயம் இருக்கலாம். அப்பாவுக்குக் கால் எடுத்ததை வீட்டில் பார்த்தவராக இருக்கலாம். அவருக்கு அறிவுரையில் குறையே இல்லை. அந்தப் பயத்தைப் பற்றித்தான் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

தாங்க முடியாத ஒன்றை மனம் இப்படி வெளியே நிறுத்தி வைப்பதைத் தற்காப்பு வழிகளில் ஒன்றாக 1936இல் உளப்பகுப்பாய்வாளர் அன்னா பிராய்ட் விளக்கினார். கெட்ட செய்தி வந்த முதல் சில நாட்களில் இந்தத் தற்காப்பு உதவியும் செய்கிறது. உடனே பிடுங்கி எறிய வேண்டிய ஒன்றல்ல அது. நாட்கள் மாதங்களாகி, புண் ஆழமாகும்போதுதான் வில்லங்கம்.

குடி கொஞ்சம் வேறு. இங்கே வழக்கமாக நடக்கிற பேச்சு இப்படி இருக்கும். “தினமும் குடிக்கிறாக” என்பார் மனைவி. “கடலுக்குப் போற அன்னைக்குத் தொடுறதே இல்ல, வேணும்னா கூட வர்றவன்கிட்டக் கேளுங்க” என்பார் கணவர். அவர் சொல்வதில் பாதி உண்மையாகக்கூட இருக்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் கரையில்தான். அப்போது எவ்வளவு என்று கேட்டால் பேச்சு மாறும். குடிக்கிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவர் தனக்காக வாதாடத்தான் செய்வார். வாதாட வாதாட அவர் சொல்வது அவருக்கே உறுதிப்படும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த பேச்சுமுறை இதைத்தான் கவனத்தில் எடுத்துக்கொண்டது. குடிநோயாளியின் பிறவிக் குணம் என்று நினைத்த மறுப்பில் ஒரு பங்கு, எதிரே உட்கார்ந்து மோதுகிறவரால் உண்டாவது. “குடியால எனக்கு என்ன கெட்டுப்போச்சு?” என்று ஒருவர் கேட்டால், “நீங்களே சொல்லுங்க, குடியில உங்களுக்குப் பிடிச்சது என்ன?” என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. கூட வந்த மச்சான்மாருக்கு என் மேல் கோபம் வரும். உடம்பு வலி தெரியாது, தூக்கம் வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். பிடிக்காததையும் கொஞ்ச நேரத்தில் அவரே தொடங்குவார்.

வீட்டாரும் இதில் கைகோத்திருப்பார்கள். வேலைக்கு வராத நாளில் படகு உரிமையாளரான சம்மாட்டிக்குப் போன் போட்டு “காய்ச்சல்” என்று சொல்வது யார்? பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் அம்மா. மானத்துக்குப் பயந்து சொல்வதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொய் நின்ற பிறகுதான் பல வீடுகளில் குடிக்கிறவர் தன் கணக்கைத் தானே பார்க்கத் தொடங்குகிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் சத்தியம் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டாவது, மூன்றாவது நாளில் ஆபத்து வரலாம். கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிவது, நேரம் இடம் புரியாமல் பிதற்றுவது. கடலில் தங்கியிருக்கும்போது இது வந்தால் கூட இருப்பவர்கள் பேய் அடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். இது மருத்துவ அவசரம், உயிரே போகலாம். மந்திரிக்க அழைத்துப் போகாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மூளையே தடை போடுவதும் உண்டு. வலப்பக்க மூளையில் பக்கவாதம் வந்த சிலர், இடது கை அசையாமல் கிடக்க, தூக்கச் சொன்னால் “தூக்கிட்டேனே” என்பார்கள். பொய் இல்லை, பிடிவாதமும் இல்லை. தன் கையின் நிலையை அறிகிற இணைப்பே பழுதாகியிருக்கிறது. 1914இல் ஜோசப் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் இதைப் பதிவு செய்து ஒரு பெயரும் கொடுத்தார். மனச்சிதைவில் “எனக்கு நோயே இல்ல, பக்கத்து வீட்டுக்காரன்தான் மருந்து வைக்கிறான்” என்று சொல்கிறவரிடமும் நோயை உணரும் திறனே குறைந்திருக்கிறது. அவரை உட்கார வைத்து மணிக்கணக்கில் நிரூபிக்கிற அண்ணன்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நிரூபிக்கிறவரும் சதியில் சேர்ந்துவிட்டதாகத்தான் அந்தத் தம்பிக்குத் தோன்றும். அங்கே நோய் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். “நாலு நாளாத் தூங்கல, அதுக்கு மட்டும் பாப்போம்” என்றால் வருவார். தூக்கம் இல்லாதது அவருக்கும் தெரியும்.

இந்த வகை மறுப்பில் நோயாளியை விடக் குடும்பம் அதிக காலம் எடுத்துக்கொள்வதும் உண்டு. செய்வினை, காத்து கருப்பு என்று வருடங்கள் ஓடும். மனநோயாளிகளைக் குணம் தேடி அழைத்து வருகிற தர்கா இருக்கும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியவில்லை. நம் மாவட்டத்தில் எந்த மனநலப் பேச்சும் அதைத் தாண்டிப் போக முடியாது. 2017 மனநலச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. ஆனால் தர்காவுக்கோ கோயிலுக்கோ போகாதே என்று சொல்வது என் வேலை இல்லை. சொன்னால் என்னிடம் வருவதைத்தான் நிறுத்துவார்கள். துவா ஒரு பக்கம், தவா ஒரு பக்கம் என்று ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது இந்த வழியில்தான்.

மறுப்பு என்று சொல்லவே கூடாத ஒன்றும் இந்தக் கரையில் இருக்கிறது. கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பொட்டையும் தாலியையும் எடுக்க மறுக்கிற பெண்ணை, “மனசு ஏத்துக்கல, கவுன்சிலிங் குடுங்க” என்று உறவினர்கள் அழைத்து வருகிறார்கள். ஏற்றுக்கொள்ள அவருக்கு என்ன கொடுத்தோம்? ஏழு ஆண்டு தகவலே இல்லாவிட்டால்தான் சட்டம்கூட ஒருவரை இறந்தவராகக் கருதுகிறது. எதிர்க்கரையில் ஒதுங்கிப் பிழைத்து வந்தவர்களின் கதைகளை அவர் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். முடிவு தெரியாத இழப்பு என்று இதைத் தனியாகவே பிரித்துப் பேசியவர் அமெரிக்கக் குடும்ப உளவியல் ஆய்வாளர் பாலின் பாஸ். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கடன், தூக்கம் ஆகியவற்றுக்கு உதவி தேவைப்படலாம். நம்பிக்கையை அவரிடமிருந்து பிடுங்க யாருக்கும் அவசரம் வேண்டாம்.

ஆள் வரவே மாட்டேன் என்றால் வீட்டார் மட்டும் வரலாம். இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, என்ன மாத்திரை, எவ்வளவு குடி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பயணம் முடியாதவர்கள் 14416இல் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸைக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால், அவர் சம்மதிக்காவிட்டாலும் உள்நோயாளியாகச் சேர்க்க 2017 சட்டத்தில் வழி இருக்கிறது. அவருக்காகச் செயல்படச் சட்டம் ஏற்கிற நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதல் தடவையில் அதிகபட்சம் 30 நாள்.