துறைமுக ஊழியரின் அட்டை விரலை எப்படி அடையாளம் காண்கிறது?

அமெரிக்கத் துறைமுகங்களின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் துணைக்கு ஆளில்லாமல் போய்வர 'ட்விக்' என்ற அட்டை வேண்டும். சரக்கு இறக்குபவர், கன்டெய்னர் லாரி ஓட்டுநர், கப்பல் மாலுமி எல்லோருக்கும் ஒரே அட்டைதான். 2002-ல் வந்த கடல்சார் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. 2007 அக்டோபரில் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் பதிவு தொடங்கியது. விண்ணப்பித்தவரின் குற்றப் பின்னணியையும் குடியேற்ற நிலையையும் விசாரித்த பிறகே அட்டை கிடைக்கும். 5 ஆண்டுகள் செல்லும்.

அட்டையின் சிப்பில் கைரேகைப் படம் கிடையாது. விரலின் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று மென்பொருள் தேடுகிறது. அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் இடம், கோடு போகும் கோணம், முடிவா பிரிவா என்ற விவரம் மட்டும் எண்களாகப் பதிவாகும். ஒரு விரலுக்குச் சில நூறு பைட்டுகள் போதும். இரண்டு விரல்கள் பதிவாவதால், ஒன்றில் வெட்டுக்காயம் பட்டாலும் மற்றது உதவும்.

வாசலில் விரலை வைத்ததும், அட்டையையும் விரலையும் படிக்கும் கருவியான ரீடர் புதிதாக ஒரு புள்ளிப் பட்டியல் தயாரித்து, அதை நகர்த்தி, திருப்பி, அட்டையில் உள்ளதோடு பொருத்திப் பார்க்கிறது. ஒரே விரல்கூட இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி பதியாது. அழுத்தம் மாறினால் தோல் இழுபடும். அதனால் கிடைக்கும் விடை ஒரு மதிப்பெண்தான். எத்தனை மதிப்பெண்ணுக்குக் கதவைத் திறப்பது? வரம்பை ஏற்றினால் அட்டைக்கு உரியவரே வெளியே நிற்க நேரும்; இறக்கினால் அடுத்தவர் நுழைந்துவிடலாம். கயிறும் இரசாயனமும் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிப்போன தொழிலாளிக்கு இது வெறும் கணக்கல்ல, அன்றைய வேலை. ரேகை பதியவே முடியாதவர்களுக்கு மாற்று வழி வைத்திருப்பது நியாயமானது.

புள்ளிப் பட்டியலிலிருந்து ஏறக்குறைய ஒத்த ரேகையைச் செயற்கையாக உருவாக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே சிப்பில் அது பூட்டியே இருக்கிறது. தொடாமல் படிக்கும் ரீடருக்கு அந்தப் பூட்டின் சாவி சிப்பிலிருந்து அலைவழியே வராது. அட்டையின் காந்தப் பட்டையை உரசியோ, சிப்பை ரீடரில் செருகியோதான் சாவியை எடுக்க முடியும். பையில் இருக்கும் அட்டையை யாராவது தள்ளி நின்று திருட்டுத்தனமாகப் படித்தாலும் குழம்பிய எண்கள்தான் கிடைக்கும். இந்த அட்டையின் வடிவமைப்பில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

போலியைத் தடுக்கப் புள்ளிப் பட்டியலின் மேல் டிஜிட்டல் கையொப்பம், அதாவது அட்டை வழங்குபவர் மட்டுமே போடக்கூடிய கணித முத்திரை, உண்டு. ஒரு பைட்டை மாற்றினாலும் அது செல்லாது. தொலைந்த அட்டைகளின் எண்கள் ரத்துப் பட்டியலில் ஏறும்.

ஆனால் இவ்வளவும் ரீடர் இருந்தால்தான் வேலை செய்யும். பல ஆண்டுகள் காவலர்கள் படத்தையும் முகத்தையும் பார்த்தே உள்ளே விட்டார்கள். போலி அட்டைகளைக் காட்டித் தன் ஆட்கள் துறைமுகங்களுக்குள் நுழைந்ததை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2011-ல் வெளியிட்டது. ரீடர் வைக்கச் சொல்லும் விதியைக் கடலோரக் காவல்படை 2016-ல்தான் இறுதி செய்தது. அதுவும் ஆபத்து மிகுந்த இடங்களுக்கு மட்டும். அவற்றிலும் சிலவற்றுக்குக் கெடு பலமுறை தள்ளிப்போனது.