(2, 3) எங்கிருந்து வந்தது?

போன வாரம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். ஒய் = 2எக்ஸ் + 3 என்ற நேர்க்கோட்டை வரையச் சொல்லியிருந்தேன். பதினொரு தாளில் ஒரே படம். (2, 3)-இல் ஒரு புள்ளி, ஆதிப்புள்ளியிலிருந்து, அதாவது இரு அச்சுகளும் வெட்டும் (0, 0)-இலிருந்து, அதற்கு ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. சத்துவாச்சாரியில் இத்தனை வருடமாகக் கணக்கு நடத்துகிறேன், இந்தப் புள்ளி என்னை விட்டபாடில்லை.

பிள்ளைகளே, சமன்பாட்டில் இருக்கும் 2, 3 இரண்டும் சேர்ந்து ஒரு புள்ளி ஆகாது. எக்ஸுக்கு 2 போட்டுப் பாருங்கள். 2 × 2 + 3 = 7. கோடு (2, 7) வழியாகப் போகிறது. (2, 3) அதன்மேல் இல்லவே இல்லை!

சோளிங்கர் மலை ஏறியிருப்பீர்கள், 1305 படி. எல்லாப் படியும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். அடிவாரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. ஒரு படிக்கு எவ்வளவு முன்னால் போய் எவ்வளவு மேலே ஏறுகிறோம் என்பது வேறு கேள்வி. முதலாவது ஒய் வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம், இங்கே 3. இரண்டாவது சாய்வு, இங்கே 2. அடிவாரத்தையும் படி ஏற்றத்தையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டால் என்ன அர்த்தம்?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண் என்பதால் நேர் மாறுபாட்டுக் கணக்கையே (ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும் வகை) திரும்பத் திரும்பப் போட வைக்கிறோம். அந்தக் கோடுகள் எல்லாம் ஆதிப்புள்ளி வழியே போகும். அப்புறம் எந்தக் கோட்டைக் கேட்டாலும் பென்சில் தானாக அங்கேதான் போய் நிற்கிறது. ஆசிரிய நண்பர்களே, வெட்டுத்துண்டு உள்ள கோடுகளையும் கலந்து கொடுங்கள்.

சரி, வரைவது எப்படி? பென்சிலை முதலில் ஒய் அச்சில் வையுங்கள். +3 என்றால் மூன்று அலகு மேலே, −3 என்றால் கீழே. எக்ஸ் அச்சில் வைக்காதீர்கள். பிறகு சாய்வைப் பின்னமாக எழுதுங்கள், 2 என்பது 2/1. பகுதி (கீழ் எண்) அளவு வலப்பக்கம், தொகுதி (மேல் எண்) அளவு மேலே. (0, 3)-இலிருந்து (1, 5), அங்கிருந்து (2, 7).

சாய்வு −3/4 என்றால் வலப்பக்கம் 4, கீழே 3. கழித்தல் குறி ஒன்றுதான் இருக்கிறது, அதை ஒரு முறைதான் செலவழிக்கலாம். இடப்பக்கம் போய்க் கீழேயும் இறங்கினால், இறங்க வேண்டிய கோடு ஏறிவிடும்.

அளவுத்திட்டம், அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் எத்தனை அலகு என்பதை, எழுத மறக்காதீர்கள். இரண்டு அச்சுக்கும் வேறு வேறு அளவு எடுத்தால் கோடு எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது மாறித் தெரியும். கண்ணால் பார்த்துச் சாய்வு சொல்லாதீர்கள், அலகை எண்ணுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை கிராஃப் தாளை மூடுமுன், "கோட்டில் இன்னொரு புள்ளியைத் தொட்டு, சமன்பாட்டில் போட்டுப் பார்த்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். அரை நிமிட வேலை. அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட அதைச் செய்திருக்கவில்லை.