உலாவிக் கடத்தலா, தேடல் மடைமாற்றா?

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு விளக்கக் கூட்டம். கையில் கொடுத்த தாளில் கொட்டை எழுத்தில் 'உலாவிக் கடத்தல்' என்று இருந்தது. குரோம் போன்ற உலாவியின் அமைப்பை வேறொரு நிரல் கேட்காமல் மாற்றிவிடுவதை ஆங்கிலத்தில் 'பிரௌசர் ஹைஜாக்' என்பார்கள்; அதன் தமிழாக்கம் இது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "யாரைத் தம்பி கடத்துனாங்க?" என்று கேட்டார். அவர் வீட்டு மடிக்கணினியில்தான் இரண்டு வாரமாக அந்தத் தொல்லை. மகன் பாடத்துக்கு எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஒரு பக்கத்தைத் தொட்டுவிட்டு விளம்பரக் குவியலில் போய் நிற்கும். பேச்சு தன் வீட்டுத் தொல்லையைப் பற்றித்தான் என்பதே அவருக்குப் புரியவில்லை. இந்தச் சொல்லைப் பல இடத்தில் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன். இனி அப்படி இருக்க மனமில்லை.

ஆங்கில 'ஹைஜாக்', அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920களில் பரவிய சொல். கள்ளச்சாராய லாரிகளை மறித்துச் சரக்கைப் பறிப்பதற்கு அந்தப் பெயர். பிறகு விமானத்துக்கு வந்தது. 'விமானக் கடத்தல்' என்று தமிழில் சொன்னதில் எனக்குக் குறையில்லை. 1977 டிசம்பர் 4 அன்று பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட விமானம் கடத்தப்பட்டு, ஜொகூர் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்து 100 பேரும் இறந்தார்கள். அங்கே ஒரு விமானம், ஆட்களோடு, போகவேண்டிய இடத்தை விட்டு வேறிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. கடத்து என்பது 'கட' என்பதன் பிறவினை, கடக்கச் செய்வது. மின்கடத்தியும் இதே வேர்தான்.

சரி, அக்காவின் உலாவி எங்கே போனது? எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் தட்டிய தேடல்தான் வேறு பக்கம் போகிறது.

நம் நாட்டில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். மலாயில் விமானத்துக்கு ரம்பாஸ், பிள்ளையைத் தூக்கிப் போனால் சூலிக், வரி கட்டாத சிகரெட்டுக்கு செலூடுப். மூன்றும் தனித்தனிச் சொல். நம் நாளேடுகளில் மூன்றுக்கும் ஒரே 'கடத்தல்'. தலைப்பைப் பார்த்ததும் ஆளா, சரக்கா என்று உள்ளே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே மூன்று சுமை தூக்கும் சொல்லின் தலையில் நான்காவதாக உலாவியையும் ஏற்றுவது என்ன நியாயம்? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். நடக்கும் காரியத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை. 'அபகரிப்பு' என்பாரும் உண்டு. அது வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிலத்தை அபகரித்தால் நிலமே கைமாறிவிடும். இங்கே கணினியும் உலாவியும் உங்களிடம்தான் இருக்கின்றன.

நான் சொல்வது 'தேடல் மடைமாற்று'. அதைச் செய்யும் நிரல் 'மடைமாற்றி'. மடை என்பது வயலுக்கு நீர் விடும் வாய். ஒருவன் வயலுக்குப் போகும் நீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வது மடைமாற்றம். நிதியை மடைமாற்றினார்கள் என்று செய்தியிலும் எழுதுகிறோம். இந்த நிரலும் அதையேதான் செய்கிறது: இயல்பான தேடுபொறியை மாற்றி, நீங்கள் தட்டியதைத் தன் வழங்கி (சர்வர்) வழியாக அனுப்பி, அதில் வரும் விளம்பரக் காசை எடுத்துக்கொள்கிறது. நம் தோட்டத்து ஆட்களுக்கு மடை பழக்கமில்லை என்றால், ஒருவர் வெட்டிய ரப்பர் மரத்துப் பால் இன்னொருவர் கோப்பையில் விழுவதாக நினைத்துக்கொள்ளலாம். விக்கிப்பீடியாவில் 'வழிமாற்று' இருக்கிறதே என்பீர்கள். அது பக்கத்தை நடத்துபவர்களே செய்யும் நேர்மையான ஏற்பாடு. திருட்டுக்கும் அதே பெயர் வேண்டாம்.

பெயர் சரியாக இருந்தால் எங்கே கை வைப்பது என்பதும் தெரிந்துவிடும். அக்கா முதலில் தேடுபொறியை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கிறார். மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. மடையில் ஆள் நிற்கும்வரை நீர் திரும்பாது. உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களான நீட்சிகளின் (எக்ஸ்டென்ஷன்) பட்டியலைத் திறந்து, தெரியாததையும் அண்மையில் சேர்த்ததையும் அகற்றினோம். கோப்பு மாற்றித் தருவதாகச் சொல்லி மகன் நிறுவிய ஒன்றுதான் காரணம். அப்புறம் தேடுபொறி, முகப்புப் பக்கம், புதிய தாவல் (டேப்) மூன்றையும் சரிசெய்தோம். அதற்கும் அடங்காவிட்டால் உலாவி அமைப்புகளை மீட்டமைக்கலாம். குரோமில் அப்படிச் செய்தால் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அழியாது. சொந்தக் கணினியிலேயே 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வந்தால் விண்டோசில் நிறுவிய மென்பொருள்களையும் பார்க்க வேண்டும்.

நீட்சி என்றுதான் எழுதினேன், கவனியுங்கள். 'நீட்டிப்பு' விசாவுக்கும் வேலை பெர்மிட்டுக்கும் உரிய சொல், காலத்தைக் கூட்டுவது. உலாவியோடு சேர்ந்து நீளும் உறுப்புக்கு நீட்சியே பொருந்தும்.

உலாவியில் நுழைந்திருக்கும் அதே பயனர் கணக்கில் வேறு கணினியும் இருந்தால் அங்கேயும் பட்டியலைப் பாருங்கள். அக்கா வீட்டில் மகனின் பழைய கணினியிலும் அந்த நீட்சி இருந்தது. ஒரு கணினியில் இருப்பதை இன்னொன்றிலும் கொண்டுவரும் ஒத்திசைவு (சிங்க்) வழியாகத் தானே போய் உட்கார்ந்திருக்கிறது.